மணல் கணக்கு ஏலத்துக்கு வந்தது. பாசிக் கணக்கு எங்கே?

கடலின் அடித்தரையைக் குத்தகைக்கு விட முடியுமா? முடியும் என்று சட்டமே செய்து வைத்திருக்கிறது டில்லி சர்க்கார். 2002-ம் ஆண்டின் கடல் கனிமச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். அதன்படி, ஏலத்தில் கடற்பகுதியை எடுக்கும் கம்பெனி 50 ஆண்டுகளுக்குத் தோண்டி அனுபவிக்கலாம். ராயல்டி டில்லிக்குப் போகும். கரையோர ராஜ்யத்துக்கு அதில் பங்கில்லை. 2024 நவம்பரில் முதல் ஏல அறிவிப்பு வந்தது. மொத்தம் 13 தொகுதிகள். குஜராத் கடலில் சில, கிரேட் நிக்கோபார் தீவின் பக்கம் சில, கேரளத்தில் கொல்லத்துக்கு எதிரே 3. கொல்லத்தில் கேட்பது தங்கமோ வைரமோ அல்ல, கட்டட மணல்.

கொல்லத்து மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. 2025 பிப்ரவரி 27-ல் கேரளக் கடற்கரை நெடுகிலும் கதவடைப்பு நடந்தது. துறைமுகங்களும் மீன் சந்தைகளும் மூடிக் கிடந்தன. மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு டெண்டர் தள்ளிப் போகலாம், ரத்தாகலாம், வேறு பெயரில் திரும்பி வரலாம். சட்டம் நிற்கிறது. ஆகவே பிரச்னையும் நிற்கிறது.

ஆலையில் நூல் நூற்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஐஸ் பெட்டியில் ஏறிக் கோயம்புத்தூர் லைன் வீடுகளுக்கு வரும் மத்தி மீனைக் கேளுங்கள். குமரி ஜில்லாவில் அதற்குப் பெயர் சாளை. ஆட்டுக்கறி வாங்க முடியாத வீட்டில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஊட்டம் அது. 2012-ல் கேரளக் கரையில் இந்த மீன் சுமார் 4 லட்சம் டன் இறங்கியது. 2021-ல் இறங்கியது 3,297 டன். லட்சம் என்ற சொல்லே கணக்கிலிருந்து போய்விட்டது! அடுத்த ஆண்டில் கொஞ்சம் மீண்டது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தில் விலை ஏறும்போது முதலில் காலியாவது யாருடைய சட்டி என்று நமக்குத் தெரியும்.

மத்தி ஏன் வந்தது, ஏன் போயிற்று? குஞ்சு மீனைக்கூட விடாமல் அரித்து மீன் தூள் ஆலைக்கு அனுப்பும் லாப வேட்டை ஒரு காரணம். இன்னொரு காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறோம். கொல்லத்து மணலின் வழக்கும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கடலுக்குள் ஒரு வயல்

நஞ்சையில் வேலை செய்தவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி அது. விஞ்ஞானிகள் தாவரப் பிளாங்க்டன் என்கிறார்கள். அதில் டயட்டம் என்று ஒரு வகை. கண்ணாடிபோன்ற கூட்டுக்குள் வாழும் ஒற்றை அணு உயிர். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பூமியில் வெயிலைப் பிடித்து உணவாக்கும் வேலையில் ஏறத்தாழப் பாதியைச் செய்வது இந்த மிதக்கும் பாசிதான். மீதிப் பாதியைத்தான் காடும் வயலும் தோப்பும் சேர்ந்து செய்கின்றன.

இந்த வயலுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெயில் மேலே இருக்கிறது, உரம் கீழே இருக்கிறது. செத்த உயிரெல்லாம் மக்கி அடியாழத்தில் சேர்கிறது. மேல் நீரில் பாசி இருக்கும் உரத்தைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். அடி உரம் மேலே வரவேண்டுமானால் யாராவது உழ வேண்டும். கேரளக் கடலில் அந்த உழவைத் தென்மேற்குப் பருவக்காற்று செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கித் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் மேல் நீர் வலப்பக்கம் விலகி, கரையைவிட்டு மேற்கே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர், உரத்தைச் சுமந்துகொண்டு ஏறி வருகிறது. இது முதலில் தென்கோடியில், குமரி முனையை ஒட்டித் தொடங்கி, பிறகு கொல்லம், ஆலப்புழை என்று வடக்கே பரவுகிறது. கடல் பச்சையாகிறது. பாசியைத் தின்ன மத்தி வருகிறது.

இது ஊகப் பேச்சல்ல. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் 1955-லேயே எழுதினார்கள்: பிரகிலேரியா ஓஷியானிக்கா என்ற ஒரு டயட்டம் பெருகினால் மத்தி வரத்தும் பெருகும், அதை அடையாளமாகவே கொள்ளலாம் என்று. அன்று அந்த நிலையத்தின் தலைமையிடம் ராமேசுவரம் போகும் வழியிலுள்ள நம் மண்டபத்தில்தான் இருந்தது.

உழவில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கீழிருந்து ஏறிவரும் நீரில் பிராணவாயு குறைவு. அது ஏற ஏற, அடியில் வாழும் மீனும் இறாலும் மூச்சுக்குத் திணறிக் கரையோரமாக ஒண்டுகின்றன. மழைக்காலத்தில் சிறு வள்ளத்துக்காரருக்குக் கரையருகே மீன் கிடைப்பதன் ரகசியங்களில் இது ஒன்று. அப்படி ஒண்டி நிற்கும் மீனை இழுவைப் படகு வந்து வழித்துக்கொண்டு போனதை எதிர்த்துத்தான் கேரள மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 1988-ல் மழைக்கால இழுவைத் தடையை வாங்கினார்கள்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

கப்பலில் போய், கடலை அங்குலம் அங்குலமாக அளந்துதான். மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

கப்பல் கரையிலிருந்து நேர்கோட்டில் ஆழ்கடல் நோக்கிப் போகும். சில மைலுக்கு ஒரு முறை நிற்கும். பகலானாலும் நள்ளிரவானாலும் அந்த இடத்தில் வேலை நடக்க வேண்டும். நம் ஆலையில் ஷிப்டு என்பதைக் கப்பலில் வாட்ச் என்கிறார்கள். வின்ச் யந்திரம் ஓடுகிறது. எஃகுக் கம்பியில் குடுவைகள் வரிசையாக இறங்குகின்றன. பழைய முறையில், குடுவைகள் ஆழத்தில் நின்றதும் மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பி வழியே நழுவ விடுவார்கள். அது போய்த் தட்டியதும் குடுவை தலைகீழாகக் கவிழ்ந்து அந்த ஆழத்து நீரை அடைத்துக்கொள்ளும். கூடவே வெப்பமானியும் கவிழும். பாதரசம் அந்த நிமிஷத்துச் சூட்டைக் காட்டியபடி அறுந்து நிற்கும். நார்வேக்காரர் நான்சென் பெயரால் வழங்கும் குடுவை இது. இன்று மின்சாரக் கருவி உப்பையும் சூட்டையும் கம்பி வழியாகவே உடனுக்குடன் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கம்பியைப் பிடித்து இறக்க ஆள் வேண்டும். அலை தளத்தின் மேல் ஏறி அடிக்கும்போதும் கை நழுவாத ஆள் வேண்டும்.

பாசியைப் பிடிக்கும் வலையைப் பற்றி நெசவு ஆலைத் தோழர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அது மீன் வலை அல்ல, துணி. ஐரோப்பாவில் மாவு மில்களில் மாவு சலிப்பதற்காக நெய்த மெல்லிய பட்டுத் துணியைத்தான் விஞ்ஞானிகள் முதலில் எடுத்துக் கூம்பாகத் தைத்துக் கடலில் இழுத்தார்கள். இழை தவறாமல், கண் ஒரே அளவாக நெய்யத் தெரிந்த தொழிலாளியின் கை இல்லாமல் கடல் உயிர் விஞ்ஞானத்தின் இந்தப் பகுதி பிறந்திருக்காது. இப்போது அது நைலானில் வருகிறது.

பிடித்த நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளில் தங்கிய பச்சையத்தை அசிட்டோனில் கரைத்து, எவ்வளவு பச்சை என்று அளப்பார்கள். வெயில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்; கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். 1865-ல் செக்கி என்ற பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த தட்டு இது. நல்ல கருவியை யார் செய்தாலும் நாம் ஏற்றுக்கொள்கிறோம்!

நீரோட்டத்தை அளப்பது இன்னும் வேடிக்கை. கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்புகிறார்கள். ஓடும் நீரோடு சேர்ந்து மிதந்து போகும் பிளாங்க்டனிலும் துகள்களிலும் பட்டு அந்த ஒலி திரும்புகிறது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்றும், கடந்து போகும்போது கனத்தும் கேட்கிறதல்லவா? அந்த வித்தியாசத்தை வைத்தே எந்த ஆழத்தில் நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். தென்கடலோர மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வலைக் கயிறு சாய்வதைப் பார்த்தே அதைச் சொல்லும் முதியவர்கள் நம் கரைகளில் இருக்கிறார்கள். கப்பலின் கணக்கும் அவர்களுடைய கணக்கும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியவை. ஒன்றை மெத்தப் படித்தது, மற்றதைப் பாமரப் பேச்சு என்று பிரிப்பது மேட்டுக்குடிப் புத்தி.

இந்தக் கணக்கு யாருடைய பணத்தில் எழுதியது?

1960 முதல் 1965 வரை சுமார் 40 கப்பல்கள் பல நாட்டுக் கொடிகளுடன் இந்துமகா சமுத்திரத்தை அளந்தன. சோவியத்தின் வித்யாஸ் அதற்கு முன்பே, 1959-லேயே வந்துவிட்டது. அந்தக் கப்பல் 1939-ல் ஜெர்மனியில் சரக்குக் கப்பலாகப் பிறந்தது. யுத்த நஷ்ட ஈடாகச் சோவியத்துக்கு வந்து, ஆராய்ச்சிக் கப்பலாக மாறியது. இன்று காலினின்கிராடில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அமெரிக்கா அனுப்பிய ஆண்டன் புரூனின் பூர்வீகம் இன்னும் ரசமானது. ஒரு காகித ஆலை முதலாளியின் உல்லாசப் படகாகக் கட்டி, பிறகு ஜனாதிபதி ட்ரூமன் சவாரி செய்த படகு அது! நம் தரப்பில் கடற்படையின் கிஸ்த்னா போயிற்று. பிடித்த மிதவை உயிர்களைப் பிரித்துப் பார்க்கக் கொச்சியில் ஒரு நிலையம் எழுந்தது. அந்த முயற்சியின் வழியாகத்தான் 1966 ஜனவரி 1-ல் தேசியக் கடலாராய்ச்சி நிலையம் பிறந்தது, என். கே. பணிக்கர் அதன் முதல் டைரக்டர்.

பிறகு 1970-களில் ஐக்கிய நாடுகள் உதவியோடு கொச்சியில் ஒரு திட்டம் நடந்தது. அதன் கப்பல்கள் இரண்டு: சார்டினெல்லா, ராஸ்ட்ரெல்லிகர். விஞ்ஞான பாஷையில் முதலாவது மத்தியின் பெயர், இரண்டாவது கானாங்கெளுத்தியின் பெயர். மேற்குக் கரை நெடுகிலும் அவை ஆண்டு முழுவதும் மீன் கூட்டத்தையும் நீரின் சூட்டையும் பிராணவாயுவையும் சேர்த்தே அளந்தன. மீனை மட்டும் எண்ணினால் போதாது, மீன் வாழும் நீரையும் எண்ண வேண்டும் என்ற சரியான பாதை அது. 1983-ல் ஜெர்மனியிலிருந்து சாகர் கன்யாவும், 1984-ல் டென்மார்க்கிலிருந்து சாகர் சம்பதாவும் வந்தன. எல்லாம் பொது ஜனங்களின் பணம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம்முடைய பணம்.

இத்தனை ஆண்டுக் கணக்கும் இன்று எங்கே கிடக்கிறது? பெரும்பகுதி ஆங்கிலத்தில். அதிலும் ஒரு பகுதி, வெளிநாட்டுப் பதிப்புக் கம்பெனிகளுக்குச் சந்தா கட்டினால்தான் திறக்கும் பத்திரிகைகளுக்குள். நீண்டகரையில் வலை கட்டுபவருக்கோ, குளச்சலில் கட்டுமரம் தள்ளுபவருக்கோ அவர் பாஷையில் ஒரு காகிதம் கையில் வரவில்லை. விஞ்ஞானிகள்மேல் நமக்குக் கோபம் இல்லை. அலையில் வாந்தி எடுத்துக்கொண்டு இரவெல்லாம் நீர் வடித்தவர்கள் அவர்கள். கோபம் சர்க்கார்மேல். தோண்ட வரும் முதலாளிக்கு வேண்டிய கணக்கு மட்டும் நேரத்துக்குத் தயாராகிவிடுகிறதே! கேரளக் கடலில் 74.5 கோடி டன் மணல் இருக்கிறது என்று புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டது. அது ஏல அறிவிப்பு வரைக்கும் வந்துவிட்டது. அதே நீரில் எந்த மாதம் எவ்வளவு பாசி, எந்தப் பக்கம் ஓட்டம், எத்தனை மீன் முட்டை என்ற கணக்கு ஏலத்துக்கு முன்னால் மீனவர் முன்பு வைக்கப்பட்டதா? எங்களைக் கேட்கவே இல்லை என்பதுதான் கொல்லத்து மீனவர்களின் குற்றச்சாட்டு.

இது முதல் தடவையல்ல. 1991-ல் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை என்று சொல்லி வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்குக் கதவைத் திறந்தார்கள். நாடு முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்று 1996-ல் முராரி கமிட்டியே சொல்ல வேண்டி வந்தது.

மணல் எடுத்தால் பாசிக்கு என்ன?

கடலடியைக் கலக்கினால் சேறு எழும். சேறு எழுந்தால் வெயில் இறங்காது. வெயில் இல்லாவிட்டால் அந்த வெள்ளைத் தட்டு சீக்கிரம் மறையும், பயிர் வாடும். உரம் இருந்தும் பயன் இல்லை. இது எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்பது நீரோட்டத்தைப் பொறுத்தது. பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையோரத்தில் மேல் நீர் தெற்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஆகவே ஜூலையில் கொல்லத்தில் எழும் சேறு திருவனந்தபுரம் பக்கமும் நம் நீரோடி, தூத்தூர், குளச்சல் பக்கமும் நகரக்கூடும். ராஜ்ய எல்லை கடலில் சேற்றை நிறுத்தாது. குமரி முனைக்குத் தெற்கே, வாட்ஜ் பேங்க் என்ற பெயர்பெற்ற மீன்களத்தின் பக்கம், எண்ணெய் தேட மூன்று ஆழ்கடல் தொகுதிகளை 2024-ல் ஏலப் பட்டியலில் போட்டதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே உழவு, ஒரே வயல். இரண்டு மூலையிலும் வேலி உடைகிறது.

ஆற்று மணலை அள்ளி ஆற்றைக் கொன்றுவிட்டோம், வீடு கட்ட மணல் வேண்டாமா என்று ஒரு வாதம் வருகிறது. இதைப் பொய் என்று தள்ள மாட்டோம். தொழிலாளிக்கும் வீடு வேண்டும்தான். ஆனால் ஆற்றைக் கொன்ற அதே கணக்கு முறையோடு, அதாவது மணலுக்கு விலை போட்டு நீருக்கும் மீனுக்கும் விலை போடாத முறையோடு, கடலுக்கு வருகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

வானத்திலிருந்து செயற்கைக் கோள் எல்லாவற்றையும் பார்க்கிறது, கப்பல் எதற்கு என்றும் சிலர் பேசுகிறார்கள். செயற்கைக் கோள் கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியை மதிப்பிடுகிறது. நம் நாடும் 1999 முதல் அதற்கென்று கோள்கள் அனுப்பி வருகிறது. ஹைதராபாதிலிருந்து மீன் கிடைக்கும் இடங்களை அறிவிக்கிறார்கள். பயனுள்ள வேலை. ஆனால் அது மேல் தோலைத்தான் பார்க்கும்; 50 மீட்டர் ஆழத்தில் பிராணவாயு குறைந்ததை அது அறியாது. மேலும், உழவு நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கேரள வானம் முழுவதும் மேகம். வயல் விளையும் நேரத்தில் கோளின் கண் பொத்திக்கொள்கிறது! 2004 செப்டம்பரில் கொல்லத்திலிருந்து விழிஞ்ஞம் வரை கடல் நாற்றமெடுத்து, மூச்சுத் திணறலும் வாந்தியுமாகக் குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். பாசி மிதமிஞ்சிப் பெருகி அழுகியதன் விளைவு அது. எந்தப் பாசி, ஏன் என்று சொல்ல நீரை மொண்டு பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது. 2019-ல் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோதும் அப்படித்தான்.

ஆகவே கப்பல் வேண்டும். சாகர் கன்யாவும் சாகர் சம்பதாவும் 40 ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. 2024-ல் கல்கத்தாவின் பொதுத்துறைக் கப்பல் தளமான கார்டன் ரீச்சுக்கு 840 கோடி ரூபாயில் ஒரு புதிய ஆராய்ச்சிக் கப்பல் கட்டக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம், நம் தொழிலாளிகள் கட்டுகிறார்கள். ஆனால் அது எதைத் தேடப் போகும்? 2021-ல் 4,077 கோடி ரூபாயில் அறிவித்த ஆழ்கடல் திட்டத்தில் உயிரினக் கணக்கும் ஒரு பிரிவாக இருக்கிறது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வருவதோ, கனிமக் கட்டி அள்ளும் யந்திரமும் ஆழத்துக்கு இறங்கும் வாகனமும்தான்.

நாம் கேட்பது இது. கொல்லம் முதல் மன்னார் வளைகுடா வரை, மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் முடியும் வரை, கடல் கொந்தளிக்கும் நாளிலும், ஆராய்ச்சிக் கப்பல் தவறாமல் போக வேண்டும். ஓர் ஆண்டு அல்ல, தொடர்ந்து பல ஆண்டுகள். நீண்டகரையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீனவர் சங்கங்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் அதில் சம்பளத்துடன் ஏற வேண்டும். நீரோட்டமும் பாசியும் பிராணவாயுவும் எழுதிய கணக்கு அந்த மாதமே மலையாளத்திலும் தமிழிலும் மீன் இறங்குதளங்களில் ஒட்டப்பட வேண்டும். 1960-களிலிருந்து சேர்ந்த பழைய ஏடுகளும் அப்படியே திறக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கைக் கரையோர மக்கள் படித்துப் பார்த்து, பேசி முடிக்கும் வரை, இந்தக் கடலில் மணலுக்கும் எண்ணெய்க்கும் ஒரு டெண்டரும் திறக்கக் கூடாது.